கிணற்றடிப் பைப்பின் கைபிடி ஆடினால்: அரை அங்குலப் பித்தளைப் பைப் ஒன்றின் திருத்த வேலை

வெளிப் பைப்பின் கைபிடி ஆடத் தொடங்கினால் எல்லாரும் முதலில் செய்வது, தலையில் தெரிகிற புரியாணியை இறுக்கிவிடுவது. இரண்டு கிழமை நிற்கும், பிறகு ஆடும். மூன்றாந்தரம் இறுக்கப் போனால் புரியாணியின் பள்ளம் தேய்ந்து திருப்புளி வழுக்கும். அதற்குப் பிறகு கைபிடியை எறிந்துவிட்டு, வெறுந் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகித் தண்ணீர் எடுக்கிற வளவுகள் யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. குறடும் பைப்புக்குப் பக்கத்திலேயே கயிற்றில் தொங்கும். குறட்டின் பல் தண்டைச் சுரண்டச் சுரண்ட, புதுக் கைபிடி வாங்கினாலும் பொருந்தாத நிலை வந்துவிடும்.

கைபிடியைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே தண்ணீரை அடைக்கிற வாசர். இறப்பர் வாசர் காய்ந்து கடினமானாலோ, அதன் முகத்தில் வட்டமாகப் பள்ளம் விழுந்தாலோ, சாதாரணமாகப் பூட்டினால் தண்ணீர் நிற்காது. நிற்காததால் இன்னும் பலமாகத் திருகுவோம். அந்தப் பலம் முழுவதும் கைபிடிக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள சின்னப் பொருத்தில்தான் இறங்கும். ஆகவே கைபிடியை மட்டும் இறுக்கி, வாசரை அப்படியே விட்டால் அதே வேலை திரும்பி வரும். கீழே உள்ள வேலையில் கைபிடி, கழுத்துச் சுரை (தண்டு வெளியே வருகிற இடத்துச் சின்னச் சுரை), வாசர் மூன்றையும் ஒரே இருப்பில் பார்த்திருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் போதும். அதில் அரை மணித்தியாலம் வினாகிரியில் ஊறவிட்டுச் சும்மா இருக்கிற நேரம்.

ஒரு சொல் விளக்கம். ஊர்வழக்கில் பைப் என்றால் தண்ணீர் திறந்து பூட்டுகிற வாய். சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் ஓடுவதை இங்கே குழாய் என்று எழுதியிருக்கிறது.

முதலில் ஆடுவது எது என்று பார்க்க வேண்டும். இடது கையால் தண்டைக் கைபிடிக்குக் கீழே விரல்களால் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைபிடியை மெல்ல அசையுங்கள். தண்டு அசையாமல் கைபிடி மட்டும் அசைந்தால் கோளாறு புரியாணியில், அல்லது கைபிடித் துளையில். தண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஆடினால் கழுத்துச் சுரை தளர்ந்திருக்கிறது, அல்லது அதற்குள் கசிவை அடைக்கிற சணல் தீர்ந்துவிட்டது. பைப்பே முழுதாகச் சுழன்றால் சுவருக்குள் இருக்கிற எல்போவில் (குழாயின் வளைவு இணைப்பில்) புரி தளர்ந்திருக்கிறது. கைபிடி சுற்றிக்கொண்டே போய், தண்ணீர் கூடாமலும் குறையாமலும் வந்தால் கைபிடித் துளை முழுவதும் தேய்ந்திருக்கும், அல்லது தண்டின் புரி போயிருக்கும். இதில் கடைசியாகச் சொன்ன, தண்டின் புரி போனதற்கு மருந்து இல்லை. புதுப் பைப்தான்.

இந்த வேலைக்கு எடுத்தது, கிணற்றடித் தொட்டிக்கு மேலே சுவரில் பொருத்திய அரை அங்குலப் பித்தளைப் பைப். கைபிடியும் ஆடியது, தண்டும் கொஞ்சம் ஆடியது, பூட்டினால் சொட்டியது. கோண்டாவில், சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் ஓடுகிற பைப்புகளில் இந்த மூன்றும் சேர்ந்தே வருவது வழமை. தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பு, பைப் காய்கிற ஒவ்வொரு தரமும் வெள்ளைப் படிவாகத் தண்டில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சொரசொரப்பு, தண்டு ஏறி இறங்கும்போது கழுத்துச் சணலை அரம்போல அரைத்துவிடும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கதை வேறு. அங்கே சோளகக் காற்று கொண்டுவருகிற உப்பு, இரும்புப் புரியாணியைத்தான் முதலில் தின்னும்.

தேவையான சாமான்: பத்து அங்குல அட்ஜஸ்டபிள் ஸ்பனர், ஒரு பைப் ரென்ச், தட்டைத் திருப்புளி இரண்டு, ஸ்டார் திருப்புளி ஒன்று, குறடு, பழைய பல்துலக்கி, திரெட் ரேப் (புரியில் சுற்றுகிற மெல்லிய நாடா) ஒரு சுருள், அரை அங்குலப் பைப் வாசர் இரண்டு, வினாகிரி அரைக் கோப்பை, சீலைத் துண்டு, கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ். மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற கிரீசும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். கிரீஸ் இறப்பரை ஊதிப் பருக்க வைக்கும். எண்ணெய் நாளடைவில் பசையாகி மண்ணைப் பிடிக்கும். புரியாணிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 4 மில்லிமீற்றர் தடிப்பில் ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. பழைய பைப்புகளில் அங்குலப் புரி இருக்கும். மில்லிமீற்றர்ப் புரியாணி இரண்டு சுற்றுப் போய் முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், தொடர்ந்து திருகினால் பித்தளைப் புரி அழிந்துவிடும். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று தருவதைக் காந்தத்தால் பார்க்கலாம். பலமாக ஒட்டினால் அநேகமாக முலாம் பூசிய இரும்பு.

தண்ணீரை நிறுத்துவது சின்ன விசயம் மாதிரித் தெரியும், பாதி நேரம் அதிலேதான் போகும். மேல் தண்ணீர்த் தாங்கியின் கீழே கேட் வால்வு இருந்தால் அதைப் பூட்டுங்கள். வருடக் கணக்காகத் திறந்தபடியே கிடந்த வால்வு இறுகியிருக்கும். ஒரேயடியாகத் திருகாமல், கால் சுற்றுப் பூட்டி, கால் சுற்றுத் திறந்து, அப்படியே பழக்கிக்கொண்டு போக வேண்டும். வால்வே இல்லாத வீடு என்றால் சீலை உருண்டையைப் பொலித்தீனில் சுற்றி, தாங்கியின் உள்ளே வெளிவழித் துளையில் அடைக்கலாம். உருண்டையில் ஒரு கயிறு கட்டி மறுமுனையைத் தாங்கி மூடியில் முடிந்துவிடுங்கள். கயிறு இல்லாமல் அடைத்தால் தண்ணீர் அதைக் குழாய்க்குள் இழுத்துக்கொள்ளும், பிறகு வேலை வேறு மாதிரி ஆகிவிடும். மோட்டாரின் சுவிட்சையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். மிதவைச் சுவிட்ச் உள்ள தாங்கி என்றால் வேலை நடக்கிற நேரத்திலேயே மோட்டார் தானாகத் தொடங்கக்கூடும்.

தாங்கி நான்கு மீற்றர் உயரத்தில் இருந்தால் பைப்பில் அமுக்கம் ஏறத்தாழ 0.4 பார் (bar) அளவுதான். நீர் வழங்கல் சபையின் குழாயிலிருந்து நேரே வருகிற பைப்பில் அது பெரும்பாலும் இதைவிடக் கூட இருக்கும். அங்கே மீற்றருக்குப் பக்கத்திலுள்ள வால்வைப் பூட்டாமல் பைப்பின் தலையைக் கழற்றவே கூடாது.

இனிக் கைபிடி. மேலே சிவப்போ நீலமோ பிளாஸ்ரிக் மூடி இருந்தால் கத்தி நுனியால் விளிம்பில் நெம்பினால் வரும். உள்ளே புரியாணி. துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுங்கள். திருப்புளியைப் பள்ளத்தில் வைத்து அதன் தலையில் இரண்டு தரம் தட்டினால் துரு விடும். பள்ளம் போயிருந்தால் ஹக்சோ பிளேட் துண்டால் தலையில் புதுப் பள்ளம் ஒன்று வெட்டலாம்.

புரியாணி வந்த பிறகும் கைபிடி வராது. வெள்ளைப் படிவு அதைத் தண்டோடு ஒட்டி வைத்திருக்கும். கீழிருந்து சுத்தியலால் அடித்தால் தண்டு வளையும். சீலைத் துண்டை வினாகிரியில் தோய்த்துப் பொருத்தைச் சுற்றிக் கட்டி அரை மணித்தியாலம் விடுங்கள். பொருபொருவென்று குமிழி வந்தால் சுண்ணாம்பு கரைகிறது. வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளியும் அதே வேலையைச் செய்யும். இரவு முழுக்கக் கட்டி வைக்க வேண்டாம், அமிலம் பித்தளையையும் தொடும். மலசலகூடம் கழுவுகிற அசிட் பக்கமே போக வேண்டாம். பிறகு இரண்டு தட்டைத் திருப்புளிகளையும் எதிரெதிர்ப் பக்கத்தில் கொடுத்து ஒரே அளவாக நெம்பினால் கைபிடி நேரே மேலே வரும்.

வந்த கைபிடியையும் தண்டையும் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிவிட்டுக் கத்தி முனையால் தண்டை ஒரு கீறுக் கீறிப் பாருங்கள். மஞ்சளாக மினுங்கினால் நல்ல பித்தளை. செம்பு நிறமாக, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் பித்தளையிலிருந்த நாகம் (துத்தநாகம்) கரைந்துபோய் வெறுஞ் செம்புக் கூடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சவர்த் தண்ணீர் ஓடுகிற பைப்புகளில் இதைக் காணலாம். அந்தத் தண்டு இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு முறியும். அதில் வேறு வேலை ஒன்றும் செய்யாமல் பைப்பை மாற்றுங்கள்.

பலரும் தவற விடுகிற இடம் தண்டின் தலையிலுள்ள புரியாணித் துளை. அதற்குள் சுண்ணாம்பும் துருவும் அடைந்து கிடக்கும். புதுப் புரியாணியை முறுக்கினால் நல்லாய் இறுகின மாதிரியே கைக்குத் தெரியும். உண்மையில் அதன் நுனி துளையின் அடியில் முட்டி நிற்கிறது, தலை கைபிடியைத் தொடவே இல்லை. இறுகினது என்று நினைத்த கைபிடி அடுத்த நாள் ஆடுவதற்கு இதுதான் காரணம். ஒரு ஈர்க்கை எடுத்துத் துளைக்குள் விட்டு, வெளியே தெரிகிற இடத்தில் நகத்தால் அடையாளம் வையுங்கள். அந்த நீளத்தோடு, புரியாணித் தலை அமர்கிற இடத்தில் கைபிடி எவ்வளவு தடிப்போ அதையும் கூட்டுங்கள். புரியாணி அந்தக் கூட்டுத்தொகையைவிட இரண்டு மில்லிமீற்றராவது கட்டையாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் முதலில் துளையை ஊசியால் கிளறி, வினாகிரி இரண்டு சொட்டு விட்டுச் சுத்தமாக்குங்கள். பிறகும் முட்டினால் நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம்.

இதே இடத்தில் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கும். கைபிடித் துளை தேயத் தேயக் கைபிடி தண்டில் கீழே கீழே இறங்கும். ஒரு கட்டத்தில் தண்டின் தலை, கைபிடியின் உட்தளத்துக்குச் சமமாக வந்துவிடும். அப்போது எவ்வளவு இறுக்கினாலும் புரியாணி தண்டைத்தான் அமுக்கும், கைபிடியை அல்ல. கைபிடியைப் போட்டு விரல் நுனியால் தடவிப் பார்த்தால் தெரியும்: தண்டின் தலை ஒரு மில்லிமீற்றராவது பள்ளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டின் தலையை அரத்தால் ஒரு மில்லிமீற்றர் தேய்ப்பது ஒரு வழி. துளைக்குள் மெல்லிய தகடு கொடுத்துக் கைபிடியை மேலே தூக்குவது மற்ற வழி. இந்த வேலையில் செய்தது இரண்டாவது. பழைய வயர்த் துண்டிலிருந்து எடுத்த செம்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, சதுரத் தண்டின் இரண்டு எதிர்ப் பக்கங்களில் ஒவ்வொன்று வைத்துக் கைபிடியைத் தட்டி இறக்கியதும் ஆட்டம் நின்றது. சோடா ரின்னின் அலுமினியத் தகட்டை வெட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. பித்தளையோடு சேர்ந்து நனைந்துகொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக அரிபட்டுப் போகும். திரெட் ரேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கைபிடியைப் போடுவது கடை பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. அது நசிந்து ஒரு கிழமை தாங்காது. எப்பொக்சி போட்டு ஒட்டுவது எங்களுக்கு உடன்பாடில்லை. கைபிடி அசையாது, உண்மைதான். அடுத்த தரம் வாசர் மாற்ற வேண்டி வந்தால் கழற்றவும் முடியாது.

கைபிடியைத் திரும்பப் பூட்ட முதல் கழுத்துச் சுரையைப் பார்த்துவிடுங்கள். தண்டு வெளியே வருகிற இடத்தில் இருக்கிற சின்னச் சுரை அது. மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக எட்டில் ஒரு சுற்று இறுக்கி, தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள், தேவையென்றால் இன்னொரு எட்டில் ஒன்று. அதிகம் இறுக்கினால் தண்டு இறுகி, கைபிடிக்குப் பாரம் கூடும். பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். சுரை அடிவரை போயும் தண்டு ஆடினால் உள்ளே சணல் இல்லை. சுரையைக் கழற்றி, மிச்சம் மீதியை ஊசியால் எடுத்துவிட்டு, திரெட் ரேப்பை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கயிறுபோல முறுக்கி, சுரை இறுகுகிற அதே பக்கமாகத் தண்டில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சுரை இறுகும்போது அது அவிழ்ந்து வெளியே பிதுங்கும். கிரீஸ் தடவிய சணல் நூலும் நல்லதுதான். பழைய பிளம்பர்மார் அதைத்தான் பாவித்தார்கள். புதுப் பைப்புகள் சிலவற்றில் சணலுக்குப் பதிலாகத் தண்டில் இறப்பர் வளையம் இருக்கும். அதையும் பழையதைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

வாசருக்காகப் பெரிய அறுகோணத் தலையைக் கழற்ற வேண்டும். கழற்ற முதல் பைப்பைப் பாதி திறந்து வையுங்கள். பூட்டியபடி கழற்றினால் வாசர் சீட்டில் (பைப்புக்குள் வாசர் வந்து அமர்கிற விளிம்பில்) முட்டிக்கொண்டு தண்டின் புரியை இழுக்கும். பைப்பின் உடலைப் பைப் ரென்சால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஸ்பனரைத் திருக வேண்டும். எதிர்ப்பிடி கொடுக்காமல் தலையைத் திருகினால் முழுப் பலமும் சுவருக்குள் இருக்கிற பிவிசி எல்போவுக்குப் போகும். அது வெடித்தால் சீமெந்துப் பூச்சை உடைத்துத்தான் மாற்றலாம். பத்து நிமிட வேலை இரண்டு நாள் மேசன் வேலையாவது இப்படித்தான்.

தலை வந்ததும் அடியில் வாசர் தெரியும். இங்கே கழற்றிய வாசரில் நகம் இறங்குகிற ஆழத்துக்கு வட்டப் பள்ளம் இருந்தது, இறப்பர் பலகைபோல ஆகியிருந்தது. புதிதைப் பழையதன்மேல் வைத்து அளவு பாருங்கள், ஒரு பைப்புக்கும் இன்னொன்றுக்கும் விட்டம் வேறுபடும். பழைய இறப்பர்ச் செருப்பில் வட்டம் வெட்டிப் போடுகிற வழக்கம் ஒன்று உண்டு. அந்த இறப்பர் மிருதுவானது, சீட் அதை வெட்டிவிடும். பிறகு சின்ன விரலை உள்ளே விட்டுச் சீட்டின் விளிம்பைத் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. ஓரிடத்தில் வெட்டுப்போலப் பட்டால் புது வாசரும் சொட்டும், அதற்குப் பைப்பை மாற்றுவதுதான் மலிவு. செம்மண் நிலத்துக் கிணறுகளில் மாரி காலத்தில் நுண்மண் கலந்து வரும், அந்த மண்ணும் சீட்டைக் கீறும். தண்டின் புரியில் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவி, பாதி திறந்த நிலையிலேயே தலையைத் திரும்ப இறுக்குங்கள்.

பிறகு கைபிடி. புரியாணித் தலையின் கீழே ஒரு ஸ்பிரிங் வாசரை (ஓரிடத்தில் வெட்டுள்ள உலோக வளையத்தை) போடுங்கள். புரியில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு இறுக்கினால் அதிர்வில் கழராது, தேவைப்படும்போது திருப்புளியால் கழற்றவும் முடியும்.

பைப்பே சுழல்கிற வீடுகளுக்கு: பைப்பை முழுதாகக் கழற்றி, புரியிலிருக்கிற பழைய ரேப்பைத் துடைத்துவிட்டு, புரியின் வாய் உங்களைப் பார்க்கப் பிடித்து மணிக்கூட்டுப் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு சுற்று ரேப் சுற்றுங்கள். கையால் இறுகும்வரை இறுக்கி, ஸ்பனரால் ஒரு சுற்று, கூடினால் ஒன்றரை. வாய் நேரே கீழே பார்க்க வேண்டுமென்று பின்னுக்குத் திருப்பினால் ரேப் கிழிந்து கசியும். நேருக்கு வராவிட்டால் கழற்றி, ரேப்பை இரண்டு சுற்றுக் கூட்டியோ குறைத்தோ மறுபடி போட வேண்டும். எல்போ புதிதாக வாங்குவதென்றால் உள்ளே பித்தளைப் புரி வைத்ததை வாங்குங்கள். வெறும் பிளாஸ்ரிக் புரிக்குள் பித்தளைப் பைப்பைப் பலமாக இறுக்கினால் எல்போ பிளக்கும். முற்றத்தில் தனியே எழும்பி நிற்கிற பிவிசிக் குழாயில் பொருத்திய பைப் என்றால் ஒவ்வொரு தரம் திருகும்போதும் குழாயே ஆடும். ஒரு பனஞ்சலாகைத் துண்டை இரண்டடி ஆழத்துக்கு நட்டு, பைப்புக்கு அரையடி கீழே ஒரு கிளிப்பும் நிலத்துக்குக் கிட்ட ஒரு கிளிப்புமாகப் பிடித்துவிட்டால் நிற்கும். அதே பைப்பில் ஹோசை மாட்டி மரவள்ளிக்கும் வாழைக்கும் இழுத்துத் திரிவதும், தண்ணீர் நிரம்பிய வாளியைக் கொழுவி விடுவதும் இதே ஆட்டத்தைத்தான் கொண்டுவரும்.

நெம்புபிடி போட்ட கால் சுற்றுப் பைப்பில் வேலை குறைவு: தலையிலுள்ள சுரையை இறுக்குங்கள், துருப்பிடித்திருந்தால் உள்ளே நைலோன் வளையம் வைத்த சுரையாக மாற்றுங்கள். வெயிலில் வெளிறி, விரலால் தேய்த்தால் மாவு ஒட்டுகிற பிளாஸ்ரிக் பைப்பில் கைவைக்கவே வேண்டாம். புரியாணியை இறுக்குகிற நேரத்திலேயே கைபிடி வெடிக்கும்.

வேலை முடிந்ததும் தாங்கி வால்வைத் திறந்து, பைப்பை முழுதாகத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். கழன்ற சுண்ணாம்புத் துண்டு வாசரின் கீழே மாட்டியிருந்தால் அதில் போய்விடும். பிறகு இரண்டு விரலால் மட்டும் பூட்டிப் பாருங்கள். இரண்டு விரல் பலத்தில் தண்ணீர் நின்றால் கைபிடி நெடுநாள் நிற்கும். சொட்டினால் இன்னும் இறுக்காமல் வாசரைத் திரும்பக் கழற்றிப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு சொட்டு, மில்லிலீற்றருக்கு இருபது சொட்டு என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 4 லீற்றருக்கு மேல் போகும், அந்தத் தண்ணீரை மேலே ஏற்றிய மின்சாரமும் கூடவே போகும்.

ஒரு கிழமை கழித்து மூடியைக் கழற்றிப் புரியாணியை ஒருதரம் தொட்டுப் பாருங்கள். எட்டில் ஒரு சுற்று இறங்குவது வழமை, செம்புத் தகடு அமர்ந்திருக்கும். அரைச் சுற்று இறங்கினால் தகடு நசிந்து கைபிடி மறுபடி கீழே போகிறது. இன்னும் தடித்த தகடு வேண்டும், அல்லது புதுக் கைபிடி வாங்குகிற நேரம் வந்துவிட்டது.